உயரக் கோட்டின் முன் நிற்கும் குழந்தை

ஆண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கியதும் கேளிக்கைப் பூங்காக்களில் ஒரு வேடிக்கையான காட்சியைக் காணலாம். நுழைவுச்சீட்டு வழங்கும் இடத்தில் சுவரில் ஒரு கோடு வரையப்பட்டிருக்கும். தலை அதற்குக் கீழே இருந்தால் குழந்தைக் கட்டணம், மேலே போனால் முழுக் கட்டணம். அங்கே நம் பிள்ளைகள் முழங்காலைச் சற்றே மடக்கி, தோளைக் குறுக்கி நிற்பார்கள். அரை மணி நேரம் கழித்து அதே பிள்ளை உள்ளே ரோலர் கோஸ்டரின் வாசலில் இன்னொரு கோட்டருகே நிற்கும். இப்போது குதிகால் தரையில் படாது, கழுத்து நீண்டிருக்கும், மூச்சும் உள்ளே இழுத்துப் பிடிக்கப்பட்டிருக்கும். இரண்டு இடத்திலும் பெற்றோர் உடந்தை.

முதல் கோட்டில் ஏமாற்றினால் பூங்காவுக்குச் சில நூறு ரூபாய் இழப்பு. அது அவர்கள் பாடு. இரண்டாவது கோட்டைப் பற்றித்தான் நாங்கள் எழுத வேண்டியிருக்கிறது. ஏனெனில் ஒவ்வொரு கோடையிலும் எங்கள் குழந்தைகள் நலப் பிரிவுக்கு ஓரிரு பெற்றோராவது ஒரு கடிதம் கேட்டு வருகிறார்கள். ‘இக்குழந்தை நல்ல உடல்நலத்துடன் இருக்கிறது, உயரம் சற்றுக் குறைவாயினும் சவாரிக்கு அனுமதிக்கலாம்’ என்று மருத்துவமனை முத்திரையுடன் எழுதித் தர வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அத்தகைய கடிதத்தை நாங்கள் எவருக்கும் தந்ததில்லை. தர மறுப்பது பிடிவாதத்தால் அன்று. அந்தக் கோடு குழந்தையின் உடல்நலத்தையோ துணிவையோ அளப்பதே இல்லை. அது அளப்பது, அந்த இருக்கையும் அதன் பிடிமானமும் அந்த உடலைத் தாங்கிப் பிடிக்குமா என்பதை மட்டுமே.

பேருந்தின் கடைசி இருக்கையில் அமர்ந்து பயணம் செய்தவர்களுக்கு வேகத்தடையின் அனுபவம் தெரியும். வண்டி இறங்கிவிடும், நாம் ஒரு கணம் மேலேயே இருப்போம். ரோலர் கோஸ்டர் தரும் இன்பத்தின் பெரும்பகுதி இந்த ஒரு கணம்தான். மேட்டின் உச்சியில் வண்டி கீழே பாயும்போது உடல் இருக்கையைவிட்டு எழும்ப முயல்கிறது. அப்போது நம்மைப் பிடித்து வைப்பது தொடைகளின்மேல் வந்து படியும் கம்பி, அல்லது தோள்களின் வழியே இறங்கும் காப்பு. ஒரு சவாரியில் உடலின் மீது எவ்வளவு விசை எந்தத் திசையில் செயற்படுகிறது என்பதைக் கணக்கிட்டு, அதற்கேற்ற பிடிமானத்தை ஐந்து வகைகளாகப் பிரிக்கிறது எஃப் 2291 எனும் அமெரிக்கத் தரநிலை. பிடிமானமே தேவையில்லாத மென்மையான சவாரி முதல் வகை. மிகக் கடுமையான பூட்டு வேண்டியது ஐந்தாவது. எந்த உயரத்துக்குக் கீழே உள்ளவர்களை ஏற்றக்கூடாது என்பது இப்பிடிமானத்தின் வடிவத்தோடு பிணைந்தது.

இனி, ஐந்து வயதுக் குழந்தையை அந்த இருக்கையில் உட்கார வைத்துப் பாருங்கள். முதுகு சாய்வோடு ஒட்டினால் முழங்கால் இருக்கையின் விளிம்பை எட்டாது. கால்கள் நீட்டிக்கொண்டு நிற்கும். அது வசதியாக இராததால் குழந்தை முன்னால் நழுவி, முழங்காலை மடக்கித் தொங்கவிடும். இடுப்பு சரிந்ததும் தொடைமேல் இருக்க வேண்டிய கம்பி வயிற்றின்மேல் வந்துவிடும். பெரியவர்களுக்கு இடுப்பெலும்பின் முன்பக்க முனைகள் துருத்தி நின்று பட்டையைக் கீழே பிடித்து வைக்கும். குழந்தைகளுக்கு அந்த முனைகள் நன்கு உருவாவது பத்து வயதை ஒட்டியே. அதுவரை பட்டை எளிதில் மேலேறும்; அங்கே இருப்பவை கல்லீரல், மண்ணீரல், குடல். காரில் பெரியவர்களுக்கான பட்டையைச் சிறுவர்களுக்கு அப்படியே மாட்டக்கூடாது என்று நாங்கள் ஓயாமல் சொல்வதற்கும் இதுவே காரணம்.

தலையின் கதை வேறு. பிறக்கும்போது தலை உடல் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு. வளர்ந்தவர்களுக்கு ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்கு. சிறு குழந்தையின் தலை அதன் கழுத்துக்கு எப்போதும் ஒரு பெரிய சுமை. கழுத்துத் தசைகள் மெலிந்தவை, தசைநார்கள் நெகிழ்ந்தவை. திடீர்த் திருப்பத்தில் தலை வீசப்படும்போது அதைத் தடுத்து நிறுத்தும் வலு அந்தக் கழுத்துக்கு இல்லை.

வயதைக் கேட்காமல் ஏன் உயரத்தை அளக்கிறார்கள் என்று பலர் கேட்பதுண்டு. வயதைச் சொல்ல வாய் போதும். எடைக்குத் தராசு வேண்டும். தொடை நீளத்தை வரிசையில் நிறுத்தி அளக்க இயலாது. உயரத்தை ஒரு நொடியில் பார்த்துவிடலாம். அது ஏறத்தாழ உட்காரும் உயரம், தொடை நீளம், கை எட்டும் தொலைவு, ஓரளவுக்கு ‘இரண்டு நிமிடம் எழுந்து நிற்காமல் இரு’ என்ற சொல்லைக் கேட்கும் வயது ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரு பதிலி. பதிலி என்பதால் குறைபாடுகளும் உண்டு. ஆயினும் இதைவிட நல்லது எங்கள் கண்ணுக்குப் படவில்லை.

ஒரு தவறான நம்பிக்கையை இங்கே தனியாகக் குறிப்பிட விரும்புகிறோம். ‘நான்தான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேனே, பிடித்துக்கொள்ள மாட்டேனா?’ என்று தந்தையர் கேட்பார்கள். ஒரே கம்பி இருவர் மீதும் படியும் சவாரிகளில் அந்தக் கம்பி எங்கே நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். அது அப்பாவின் தொடையில் மோதி நின்றுவிடும். அருகிலிருக்கும் குழந்தையின் மெல்லிய தொடைக்கும் கம்பிக்கும் இடையே ஒரு பெரிய இடைவெளி இருக்கும். அதாவது, துணைக்கு உட்கார்ந்த பெரியவரே அந்தப் பிடிமானத்தைக் குழந்தைக்குப் பயனற்றதாக்கிவிடுகிறார். கையால் பிடித்துக்கொள்வதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உடல் எடையைப் போல் இருமடங்கு மும்மடங்கு விசை வரும்போது எந்தக் கையும் நிற்காது.

கோட்டை எட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் பொருளில்லை. 2022 மார்ச் 24 அன்று அமெரிக்காவின் ஓர்லாண்டோ நகரில், உயரத்திலிருந்து இருக்கைகளோடு கீழே விழும் கோபுரச் சவாரியில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கையிலிருந்து விழுந்து இறந்தான். அவன் வயதை மீறிய உயரமும் பருமனும் கொண்டவன். அந்த இருக்கையின் உணர்கருவி கையால் மாற்றியமைக்கப்பட்டிருந்ததால், காப்புக்கும் இருக்கைக்கும் இடையே வழக்கத்தைவிடப் பெரிய இடைவெளி இருந்தும் ‘பூட்டிவிட்டது’ என்று விளக்கு எரிந்தது என விசாரணையில் தெரியவந்தது. குறைந்தபட்ச உயரத்தை அவன் எப்போதோ கடந்துவிட்டான். பிடிமானம் அவன் உடலோடு பொருந்தவில்லை என்பதே காரணம். ஆகவே கோட்டைத் தாண்டிய பிள்ளையின் கம்பியையும் ஒருமுறை நீங்களே இழுத்துப் பாருங்கள். தளர்வாக இருந்தால் பணியாளரை அழைத்துச் சொல்லுங்கள். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

இதுவரை சொன்னவை பெரிய பூங்காக்களுக்கு. சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சியிலும், மதுரைச் சித்திரைப் பொருட்காட்சியிலும், ஊர்த் திருவிழாக்களிலும் சுழலும் ராட்டினங்களில் பலவற்றின் முன் உயரக் கோடே இருப்பதில்லை. அங்கே கோட்டை நீங்கள்தான் உங்கள் கண்ணால் வரைய வேண்டும். முதுகு சாய்ந்த நிலையில் முழங்கால் விளிம்பில் மடிகிறதா, பாதம் தரையிலோ கால்தாங்கியிலோ படுகிறதா, கம்பி வயிற்றில் அல்லாமல் தொடையில் படிகிறதா, கை தானாகப் பிடியை எட்டுகிறதா என்று பாருங்கள். ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும் இறங்கிவிடுவது நல்லது. கொடுத்த சீட்டுக் காசைத் திரும்பக் கேட்டு வாதாட வேண்டாம். மிளகாய் பஜ்ஜி வாங்கியதாக எண்ணிக்கொள்ளலாம்.

எங்கள் அவசரப் பிரிவுக்கு வரும் குழந்தைகளைப் பார்த்தால், ரோலர் கோஸ்டரைவிட அதிகம் குற்றம் சாட்ட வேண்டியது சாதாரணச் சறுக்குமரத்தையே. அதுவும், குழந்தைக்குப் பாதுகாப்பு என்று கருதிப் பெரியவர் மடியில் வைத்துச் சறுக்குவதை. ஒன்றரை வயதுக் குழந்தை. தாத்தாவின் மடியில் சிரித்துக்கொண்டு இறங்குகிறது. அதன் காலணியின் ரப்பர் அடிப்பாகம் சறுக்கின் பக்கச் சுவரில் ஒட்டி நின்றுவிடுகிறது. தனியாகச் சறுக்கியிருந்தால் குழந்தையும் அங்கேயே நின்றிருக்கும், அல்லது கால் மெல்லத் திரும்பியிருக்கும். பின்னாலிருப்பதோ எழுபது கிலோ. அது நிற்காது. பாதம் நிற்க, உடல் செல்ல, நடுவில் இருக்கும் கணைக்கால் எலும்பு முறுக்கி உடைகிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக மருத்துவர்கள் 2002 முதல் 2015 வரையிலான பதிவுகளை ஆராய்ந்தபோது, அந்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட ஏறத்தாழ மூன்றரை இலட்சம் குழந்தைகள் சறுக்குமரங்களில் காயமடைந்ததாகக் கணக்கிட்டனர். அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எலும்பு முறிவுகள். பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே. ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் இருந்த குழந்தைகளே மிகுதி. தாத்தாக்கள் இதைக் கேட்டு மனம் உடைவதைப் பலமுறை கண்டிருக்கிறோம். அவர்கள் மீது தவறில்லை; எவரும் அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. மடியில் வைத்துச் சறுக்காதீர்கள். நீர்ச் சறுக்குகளுக்கும் இது பொருந்தும்.

சிறு குழந்தைகளோடு பூங்காவுக்குப் போகவே வேண்டாமா? அப்படிச் சொன்னால் எங்கள் வீட்டுப் பிள்ளைகளே எங்களை மன்னிக்க மாட்டார்கள். உலகெங்கும் பூங்காக்கள் இப்போது சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்களை மனத்தில் வைத்தே பல சவாரிகளை அமைக்கின்றன. 2012-இல் மலேசியாவின் ஜொகூரில் திறக்கப்பட்ட லெகோலேண்ட், இரண்டு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்காகவே அமைந்தது. தேவை முன்னேற்பாடு மட்டுமே. நான்கு வயதுக் குழந்தையின் உயரம் ஏறத்தாழ 100 சென்டிமீட்டர். பிறந்தபோது இருந்த நீளத்தின் இருமடங்கு. ஏழு வயதை ஒட்டி 120. சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸில் டிரான்ஸ்பார்மர்ஸ் சவாரிக்கு 102, ஜுராசிக் பார்க் நீர்ச் சவாரிக்கு 107, மம்மி சவாரிக்கு 122. (இதென்ன ஒழுங்கற்ற எண்கள் என்று தோன்றினால், அங்குலத்துக்கு மாற்றிப் பாருங்கள்: 40, 42, 48.) இவ்வெண்கள் அவ்வப்போது மாறக்கூடும், போகும் வாரத்தில் பூங்காவின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு வீட்டில் அளந்து பாருங்கள். வெறுங்காலுடன், குதிகாலும் பிட்டமும் தலையின் பின்புறமும் சுவரில் பட, கண்கள் நேராகப் பார்க்க நிற்க வைத்து, தலைமேல் ஒரு தடித்த புத்தகத்தை மட்டமாக வைத்துக் கோடு போட வேண்டும். அளப்பதை மாலையில் செய்யுங்கள். நாள் முழுவதும் ஓடியாடிய பின் முதுகெலும்பின் இடைத்தட்டுகள் சற்று அமுங்குவதால், காலையைவிட மாலையில் உயரம் ஒரு சென்டிமீட்டர் வரை குறையும். காலையில் மயிரிழையில் தேறிய பிள்ளை மாலை ஐந்து மணிக்குத் திருப்பி அனுப்பப்படுவது இதனால்தான். பணியாளர் ஓரவஞ்சனை செய்யவில்லை. எவற்றில் ஏறலாம், எவற்றில் முடியாது என்பதைக் குழந்தையிடம் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு மணி நேரம் வரிசையில் நின்றபின் கேட்கும் ‘முடியாது’வும், முந்தைய நாள் இரவு பாயில் படுத்துக்கொண்டு கேட்கும் ‘முடியாது’வும் ஒன்றல்ல. நான்கு வயதிலிருந்து பருவம் எய்தும் வரை குழந்தைகள் ஆண்டுக்கு ஐந்து, ஆறு சென்டிமீட்டர் வளர்கிறார்கள். ஆகவே நான்கு சென்டிமீட்டர் குறைந்த பிள்ளையிடம் ‘இன்னும் எட்டு, ஒன்பது மாதம்’ என்று திட்டமாகவே சொல்லலாம். அக்காள் ஏறும்போது தம்பியோடு கீழே நிற்கும் பெற்றோர் மீண்டும் வரிசையில் நிற்காமல் தம் முறைக்கு ஏறிக்கொள்ளும் வசதி பல பெரிய பூங்காக்களில் உண்டு. பலகையில் பெரிதாக எழுதியிருக்க மாட்டார்கள். வாசலில் கேட்டுப் பெற வேண்டும்.

உயரம் போதிய அளவில் இருந்தும் சில குழந்தைகளுக்கு இத்தகைய சவாரிகள் கூடா. டவுன் நோய்க்குறி உள்ள சிலருக்குக் கழுத்தின் முதலிரு முள்ளெலும்புகளுக்கிடையே பிடிப்புத் தளர்ந்திருக்கும். மூளைநீரை வடிக்கக் குழாய் பொருத்தப்பட்டவர்கள், இதயத் துடிப்பின் சீர் கெடும் நோயுள்ளவர்கள், எலும்பு எளிதில் முறியும் தன்மையுடையவர்கள், அண்மையில் அறுவை செய்துகொண்டவர்கள், வலிப்பு இன்னும் கட்டுக்குள் வராதவர்கள் ஆகியோரின் பெற்றோர் பயணத்துக்கு முன் எங்களிடம் கேட்டுவிடுங்கள். இங்கே எங்கள் சொல்லுக்கு இடமுண்டு. ‘உயரம் இருந்தாலும் வேண்டாம்’ என்று மருத்துவர் எழுதலாம். ‘உயரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை’ என்று எழுத எந்த மருத்துவருக்கும் தகுதியில்லை. அந்த இருக்கையை வடிவமைத்தவர் நாங்கள் அல்லர்.

வளர்ந்தும் உயரம் குறைந்த மனிதர்களை அந்தக் கோட்டருகே நிறுத்தி அளப்பதைக் காணும்போது எங்களுக்கு மனம் ஒப்புவதில்லை. பிடிமானம் அவர்களுக்கும் பொருந்தாது என்பது உண்மை. குருத்தெலும்பு வளர்ச்சிக் குறையால் குள்ளமானவர்களுக்குத் தண்டுவடக் குழாய் குறுகியிருப்பதால் அவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்பதும் உண்மை. எனினும் நூறு பேர் பார்க்க அதைச் சொல்வதற்கும், தனியே அழைத்துச் சொல்வதற்கும் வேறுபாடு உண்டல்லவா?

கடிதம் கேட்டு வந்தவர்களுள் ஒரு தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடையாளங்களை மாற்றியிருக்கிறோம். கோடை விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்த சித்தப்பா வீட்டுக்குச் செல்லவிருந்தார்கள். மகனுக்கு ஒன்பது வயது. மம்மி சவாரியில் ஏற வேண்டும் என்பது அவன் ஓராண்டுக் கனவு.

“டாக்டர், நாலு வரி போதும். அவன் வயசுப் பிள்ளைகள் எல்லாரும் ஏறுகிறார்கள். இவன் மட்டும் கீழே நின்றால் தாங்க மாட்டான்.”

“கடிதம் தர இயலாது, அம்மா. முதலில் உயரத்தைப் பார்ப்போம்.”

112 சென்டிமீட்டர். ஒன்பது வயதுச் சிறுவனுக்கு 130-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ‘எங்கள் குடும்பமே குள்ளம்தான்’ என்றார் தாய். தந்தையையும் தாயையும் அளந்தோம். அவர்கள் அப்படியொன்றும் குள்ளமல்லர். உடன் வந்திருந்த ஆறு வயதுத் தங்கை அண்ணனுக்குச் சமமாக நின்றாள். பொங்கல் விடுமுறையில் ஒரு பூங்காவில் பணியாளர் ‘இரட்டையரா?’ என்று கேட்டதாகத் தாய் சிரித்துக்கொண்டே சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய தடுப்பூசி அட்டையையும் பள்ளி மருத்துவப் பதிவையும் கொண்டுவரச் சொல்லிப் புள்ளிகளை வளர்ச்சி வரைபடத்தில் குறித்தோம். ஆறரை வயது வரை கோடு ஒழுங்காக ஏறியிருந்தது. பிறகு தட்டையாகிவிட்டது; கடைசி ஓராண்டில் இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. துருவிக் கேட்டபோது மற்றவை வந்தன. மலச்சிக்கல். மின்விசிறி போட்டால் குளிர்கிறது என்பான். பள்ளிவிட்டு வந்ததும் தூங்கிவிடுவான். ‘சேட்டையே கிடையாது, டாக்டர், அவ்வளவு சாது’ என்றார் தாய் பெருமையுடன்.

இரத்தப் பரிசோதனையில் தைராய்டு சுரப்பி வெகுவாகக் குறைந்திருப்பது தெரிந்தது. நாள்தோறும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சிறு மாத்திரை. அவ்வளவுதான் மருத்துவம், ஆனால் இன்னும் இரண்டு மூன்று ஆண்டு தள்ளியிருந்தால் இழந்த வளர்ச்சி முழுவதையும் மீட்பது அரிதாகியிருக்கும். ஆண்டுக்கு நான்கு சென்டிமீட்டருக்குக் குறைவாக வளரும் பிள்ளையையும், சென்ற ஆண்டு எந்தக் கோட்டில் நின்றானோ இவ்வாண்டும் அதே இடத்தில் நிற்கும் பிள்ளையையும் எங்களிடம் ஒருமுறை அழைத்து வாருங்கள். பெரும்பாலோருக்கு ஒன்றும் இராது. மெல்ல வளரும் குடும்பமாக இருக்கும். சிலருக்கு இருக்கும்.

அவ்வாண்டு அவன் சிங்கப்பூரில் மம்மி சவாரியின் வாசலில் சித்தப்பாவோடு நின்று கையசைத்துவிட்டு வந்தான். ஓராண்டு கழித்துப் பரிசோதனைக்கு வந்தபோது அறைக்குள் நுழைந்தவுடன் தானே காலணியைக் கழற்றிவிட்டு அளவுகோலின் கீழ் நின்றுகொண்டான். சாது என்று பெயரெடுத்தவன் இப்போது காத்திருப்போர் கூடத்தில் ஒரு நாற்காலியைக் கவிழ்த்துவிட்டு வந்திருந்தான். செவிலியர் பலகையை இறக்கிப் படித்தார். 121. இன்னொரு முறை பார்க்கச் சொன்னான். குதிகாலைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் மீண்டும் படித்தார். 121.

“ஒரு சென்டிமீட்டர்தானே” என்று தாய் எங்களைப் பார்த்தார்.

“தீபாவளிக்குப் போகலாம்மா” என்றான் அவன்.